ஏதோ ஒரு பறவை: வால்பாறையில் ஆறு நாள்

முதல் நாள்

கிளம்புவதற்கு முந்தைய இரவு வேண்டாத வேலை ஒன்று செய்தேன். இதுவரை எழுதிய 23 நாவல்களும் கணினியில் ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. அதில் ‘ஏதோ ஒரு பறவை’ என்று போட்டுத் தேடிப் பார்த்தேன். 41 இடங்கள். நாயகி அழும்போது ஏதோ ஒரு பறவை கூவியிருக்கிறது. நாயகன் முதன்முதலாக அவள் கையைப் பிடிக்கும்போது ஏதோ ஒரு பறவை படபடத்துப் பறந்திருக்கிறது. ஒரு நாவலில், பாவம், ஒரே அத்தியாயத்தில் மூன்று தடவை டூட்டி பார்த்திருக்கிறது.

தேடாமலே இருந்திருக்கலாம்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் பறவை இல்லை, கதவு. இப்போது இணையத்தில் எழுதிக்கொண்டிருக்கும் தொடர் 22-ஆவது எபியில், அதாவது எபிசோடில், நின்றுபோய் மூன்று வாரமாகிறது. “யூடி எப்போ சிஸ்?” என்று, அடுத்த அப்டேட்டுக்காக, கைப்பேசி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய தோழி ஒருத்தி வால்பாறையில் தேயிலை எஸ்டேட் ஒன்றில் இருக்கிறாள். “பின்பக்க ரூம் சும்மாதான்டி கிடக்கு, வந்து உட்கார்ந்து எழுது” என்றாள். சரி என்று மூட்டையைக் கட்டிவிட்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து வாடகைக் கார். ஆழியாறு தாண்டியதும் மலை தொடங்குகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஒன்பதாவது வளைவில் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, எதுவும் பேசாமல் விரலை மட்டும் நீட்டினார். பாறைச் சரிவில் வரையாடுகள், ஏழெட்டு இருக்கும். கீழே ஆழியாறு அணையின் தண்ணீர் தகடு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. ஒரு குட்டி, பிறந்து இரண்டு மாதம் இருக்கலாம், பாறையிலிருந்து பாறைக்குத் தாவப் பார்த்து வழுக்கி உட்கார்ந்தது. தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. குட்டியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எழுந்து மறுபடி தாவியது.

பெரிய கிடா ஒன்றுகூட இல்லையே என்று பிறகு படித்துப் பார்த்தேன். வளர்ந்த கிடாக்கள் வருடத்தின் பெரும்பகுதி தனியாகத்தான் திரியுமாம். தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது மந்தைக்கு வந்து, முட்டி மோதி, ஜோடி சேர்ந்துவிட்டு மறுபடி கிளம்பிவிடும். குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கும். என் நாயகர்கள் முதல் எபியில் நுழைந்தால் எபிலாக் வரைக்கும் நகர மாட்டார்கள். வரையாடுகள் என் வாசகிகள் இல்லை என்பது நிம்மதி.

இரண்டாம் நாள்

விடியற்காலை ஐந்தரைக்கு யாரோ ஒரு பையன் விசில் அடிக்கிற சத்தத்தில் விழிப்பு வந்துவிட்டது. நல்ல குரல், ஆனால் சோம்பேறி. ஒரு மெட்டை ஆரம்பிப்பான், பாதியில் விட்டுவிடுவான், கொஞ்சம் யோசித்துவிட்டு வேறெங்கிருந்தோ தொடங்குவான். இந்த நேரத்தில் எந்த வீட்டுப் பிள்ளை என்று எரிச்சலோடு சன்னலைத் திறந்தேன். தோழி அடுத்த அறையிலிருந்தே சிரித்தாள். “பையன் இல்லடி. பறவை.”

சீகாரப் பூங்குருவி. ஓடைக் கரையில், ஈரப் பாறைமேல் உட்கார்ந்திருந்தது. தூரத்தில் பார்த்தால் வெறும் கறுப்பு. வெயில் பட்டதும் நெற்றியிலும் தோளிலும் அடர்நீலம் பளிச்சென்று தெரிந்தது, பள்ளிக்கூடத்தில் பேனா கசிந்து சட்டைப் பையில் பரவுமே, அந்த மாதிரி. நோட்டில் முதல் வரியாக அதன் பெயரை எழுதிவைத்தேன். அந்த 41 இடங்களில் ஒன்றாவது இதுவாக இருந்திருக்கக்கூடும். எது என்று இனி யாரைக் கேட்க?

பகலில் எழுத உட்கார்ந்தேன். கதையில் சிக்கல் இதுதான். மதுராவைச் சந்தேகப்பட்டு ஆதி ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அவன் வெளியே நிற்கிறான். இங்கே ஆதி கதவை உடைக்க வேண்டும். வாசகிகள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள், நானும் பழக்கப்பட்டவள்தான். என் நாயகர்கள் இதுவரை ஆறு கதவுகளை உடைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று குளியலறைக் கதவு. முதல் தடவை எழுதியபோது எனக்கே சிலிர்த்தது. ஆறாவது தடவை, தச்சருக்கு யார் சொல்லிவிடுவார்கள் என்று யோசனை போய்விட்டது.

இன்றும் உடைக்கவைத்துப் பார்த்தேன். 900 சொற்கள். சாயங்காலம் மொத்தத்தையும் அழித்தேன்.

இந்த இடத்தில் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காதல் கதையில் காதலைச் சொல்வது சுலபம். ஜோடியை நடுவில் பிரித்து வைப்பதுதான் கஷ்டம். இரண்டு பேரும் ஐந்து நிமிடம் ஒழுங்காக உட்கார்ந்து பேசினால் தீர்ந்துபோகிற விஷயத்தை 15 எபிகளுக்கு இழுக்க வேண்டும். அதற்காக மறைத்துவைத்த கடிதம், பழைய போட்டோ, காதில் பாதி விழுந்த உரையாடல் என்று ஒரு பெட்டி நிறையச் சாமான்கள் வைத்திருக்கிறேன். பெட்டி இப்போது காலி.

மூன்றாம் நாள்

தோழி ஏற்பாடு செய்திருந்த பெரியவர் காலையில் வந்தார். காடர் சமூகத்தைச் சேர்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். பேச்சு குறைவு. “சத்தம் போடாத செருப்பு இருக்குதுங்களாம்மா?” என்றுதான் முதலில் கேட்டார். இல்லை. என் செருப்பு ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கருத்துச் சொல்லும். தோழியின் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு போனேன்.

வால்பாறையில் தேயிலைக்கு நடுநடுவே பழைய மழைக்காட்டின் துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. சீராக வெட்டிய தேயிலையும் இடையிடையே சில்வர் ஓக்கும் பார்த்துக்கொண்டே போவோம். சில்வர் ஓக் நிழலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். திடீரென்று ஒரு கோடு போட்டாற்போலக் காடு தொடங்கும். உள்ளே நுழைந்த இரண்டாவது நிமிடம் வெளிச்சம் மாறிவிடுகிறது, காற்றும் மாறிவிடுகிறது.

அத்தி மரம் ஒன்றின் அடியில் நிறுத்தினார். தண்டோடு ஒட்டிக் கொத்துக்கொத்தாகக் காய்கள். கீழே விழுந்த ஒரு பழத்தை எடுத்து நகத்தால் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே நுணுக்கு நுணுக்காகப் பூக்கள், அவற்றுக்கு நடுவே எறும்பைவிடச் சிறிய பூச்சிகள்.

‘அத்தி பூத்தாற்போல’ என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அத்தி பூக்கத்தான் செய்கிறது, உள்பக்கமாக. நாம் பழம் என்று நினைக்கிற உருண்டையே அந்தப் பூக்களை உள்ளே வைத்து மூடின பை. அதற்குள் வாழும் குளவியின் கதையைக் கைப்பேசியில் படித்தபோது கொஞ்ச நேரம் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆண் குளவிக்கு இறக்கை கிடையாது. அத்திக்குள்ளேயே பொரிந்து, இன்னும் வெளியே வராத பெண்களோடு உள்ளேயே சேர்கிறது. பிறகு பெண்கள் வெளியேற ஒரு சுரங்கம் குடைகிறது. பெண்கள் மகரந்தத்தோடு வேறு மரத்துக்குப் பறந்துபோகும். ஆண் அங்கேயே செத்துவிடும். தன் ஜோடி பறப்பதை அது பார்ப்பதே இல்லை.

இதை வைத்து என்னால் ஒரே மூச்சில் 40 எபி எழுத முடியும். கை துறுதுறுத்தது. “ஐயா, இந்த ஆண் குளவி பெரிய தியாகி இல்லையா?” என்றேன்.

“அதுக்கு ரெக்கையே இல்லீங்களேம்மா” என்றார்.

திரும்பும் வழியில் தலைக்கு மேலே ஒரு சத்தம். ஹுஷ், ஹுஷ், ஹுஷ் என்று பழைய நீராவி எஞ்சின் மூச்சுவாங்குவது மாதிரி. நான் லாரி என்று நினைத்துச் சாலையைத் தேடினேன். அவர் அண்ணாந்து பார்த்து, “நாளைக்கு அதைத்தான் பாக்கப் போறோம்” என்றார்.

நான்காம் நாள்

இருவாச்சிப் பறவையின் (ஹார்ன்பில்) கூட்டைப் பார்த்தேன். இடத்தைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

பெரிய மரம். தரையிலிருந்து ஐம்பது அடிக்கு மேலே ஒரு பொந்து. நாங்கள் வெகு தூரம் தள்ளி, புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். தொலைநோக்கியில் பார்த்தால் பொந்தே இல்லை. பட்டை நிறத்திலேயே பூசி மெழுகிய சுவரும், நடுவில் செங்குத்தாக ஒரு கீறலும்தான் தெரிந்தன.

பெண் பறவை உள்ளே இருக்கிறது. அது அடைகாத்து, குஞ்சு பொரித்து, குஞ்சு பாதி வளரும்வரை உள்ளேயே கிடக்கும். அந்தச் சமயத்தில் இறக்கையின் பெரிய இறகுகளையும் உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். எனவே பறக்கவும் முடியாது. அதற்கும், பிறகு குஞ்சுக்கும், ஆண்தான் இரை கொண்டுவந்து தர வேண்டும்.

என் மண்டையில் என்ன ஓடியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சிறைவைக்கப்பட்ட நாயகி. பாசக்கார நாயகன். ‘உன்னை யாரும் தொட முடியாத இடத்தில் வைத்திருக்கிறேன்’ என்று ஒரு வசனம்கூடத் தயாராகிவிட்டது. மெதுவாகக் கேட்டேன், “ஆண் பறவைதான் இப்படி வச்சுப் பூட்டிடுதாங்கய்யா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாளில் அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“யாரும் பூட்டலீங்கம்மா. உள்ள இருந்து அதுவேதான் அடைச்சுக்குது.”

தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து, பெரிய அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டி, கொத்தனார் கரண்டி பிடிப்பதுபோலப் பூசுமாம். அலகு நுனி வெளியே வருகிற அளவுக்கு மட்டும் இடைவெளி விடும். தாய் வெளியே வந்த பிறகும் கதை முடிவதில்லை. தனியாகிவிட்ட குஞ்சு, யாரும் சொல்லித் தராமலே, தாய் உடைத்த சுவரை, கீறல் மட்டும் விட்டு, உள்ளேயிருந்து மறுபடி பூசி அடைத்துக்கொள்ளும்.

ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. என் கால் மரத்துப்போனது. தேயிலைப் பக்கமிருந்து சாம்பல் காட்டுக்கோழி ஒன்று விட்டுவிட்டுக் கத்தியது. பெரியவர் அசையவே இல்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தை நாவலில் எழுதினால் ‘நேரம் கடந்தது’ என்று இரண்டே சொல்லில் தாண்டியிருப்பேன்.

அப்புறம் அந்த எஞ்சின் சத்தம். ஆண் வந்து பக்கத்து மரத்தில் உட்கார்ந்தது. நான்கடி நீளம் இருக்கும். மஞ்சள் அலகுமேல் கவிழ்த்துவைத்த கொண்டை. அந்த மஞ்சள் வெறும் அலகின் நிறம் மட்டுமில்லை. வாலடியில் இருக்கும் சுரப்பியின் எண்ணெயைத் தானே தேய்த்துப் பூசிக்கொள்வது. மேக்கப்தான். கண் சிவப்பு. பெண்ணுக்கு வெளிர் கண் என்று சொன்னார், ஆனால் கீறலில் கண்ணெல்லாம் தெரியாது.

வந்தவுடன் கூட்டுக்குப் போகவில்லை. சுற்றிலும் பார்த்தது. இடம் மாறி உட்கார்ந்து மறுபடி பார்த்தது. பிறகு கூட்டுவாயில் தொற்றிக்கொண்டு தொண்டையை ஒரு உலுக்கு உலுக்கியது. அலகின் நுனியில் ஒரு அத்திப்பழம் வந்து நின்றது. கீறலிலிருந்து இன்னொரு அலகின் நுனி, விரல்நகம் அளவுக்கு, வெளியே வந்து வாங்கிக்கொண்டது. அடுத்த உலுக்கு, அடுத்த பழம். மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போவதெல்லாம் இல்லை. ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றும் வாங்கப்படும்வரை பொறுத்து. முடிந்ததும் கிளம்பிவிட்டது. சற்று நேரத்தில் கீறலிலிருந்து எச்சம் சர்ரென்று வெளியே பீய்ச்சியடித்தது. வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்கிற ஏற்பாடு. என் நாயகிகள் யாரும் இதுவரை இதைச் செய்ததில்லை.

கேரளத்தில் இதற்கு மலமுழக்கி என்று பெயர், அங்கே மாநிலப் பறவையும் இதுதான். ஜோடி வருடா வருடம் அதே மரத்துக்கு வரக்கூடியது. காதலுக்கு இலக்கணம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பறவை இனங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் ஜோடியாகக் குடும்பம் நடத்துபவைதான் என்றாலும், மரபணுச் சோதனை வந்த பிறகு பல இனங்களில் கூட்டுக்குள் இருக்கிற குஞ்சுக்கு அப்பா பக்கத்து மரத்துக்காரர் என்பது தெரிந்துபோயிற்று. இலக்கணமெல்லாம் வேண்டாம். பழம் கொடுத்ததை மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்

வெளியே போக முடியவில்லை. சாயங்காலம் தோழியின் கைப்பேசிக்குக் குறுந்தகவல் வந்தது, பக்கத்துத் தோட்டத்தில் யானைகள். மேட்டில் இருக்கிற கம்பத்தின் சிவப்பு விளக்கும் எரிந்தது. இந்தப் பகுதியில் யானை பக்கத்தில் இருந்தால் அந்த விளக்கு எரியும், வீடு திரும்புகிறவர்கள் அதைப் பார்த்து உஷாராகிவிடுவார்கள். சன்னலிலிருந்து யானை தெரியவில்லை. அந்தச் சிவப்புப் புள்ளியை மட்டும் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் எழுதினேன். ஆதி கதவை உடைக்கவில்லை. என்ன செய்வான் என்றும் தெரியவில்லை. அவனை வாசலில் உட்காரவைத்துவிட்டேன். உட்கார்ந்தே இருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது, நாயகன் சும்மா உட்கார்ந்திருக்கிற எபிக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். இருவாச்சியைப் பார்த்துவிட்டு வந்து அதையே நாயகனாக்குகிறேனா என்ற சந்தேகமும் இருக்கிறது. பெரியவர் இதைக் கேட்டால் மறுபடி அந்தப் பார்வை பார்ப்பார்.

2006-இல் வந்த என் இரண்டாவது நாவல் நினைவுக்கு வந்தது. மாத நாவல், மலைப் பின்னணி. ஒரு மார்கழிக் காலையில் நாயகி நீலக்குறிஞ்சிப் பூக்களுக்கு நடுவே நின்று நாயகனுக்காகக் காத்திருப்பாள். ஒரு வாசகி இன்லேண்ட் லெட்டரில் எழுதியிருந்தார்: “மார்கழியில் பூத்த அந்தக் குறிஞ்சியில் ஒரு கிளை எனக்கும் அனுப்பி வைக்கவும்.” நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வாக்கில் பூப்பது. 2006 பூத்த வருடம்தான், வருடத்தைச் சரியாகப் பிடித்து மாதத்தில் கோட்டைவிட்டிருந்தேன். 2018-இல் பூத்தபோது நேரில் போகவேண்டும் என்று நினைத்தேன். அப்போது இரண்டு தொடர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்தது 2030.

நம் ஆட்கள் இதை எப்போதோ ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது. தொல்காப்பியம் காதலைச் சொல்ல முதல், கரு, உரி என்று வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதல். மரம், விலங்கு எல்லாம் கரு, அந்தப் பட்டியலில் ‘புள்’ என்று பறவைக்குத் தனி இடம் இருக்கிறது. புணர்தல், பிரிதல், இருத்தல், ஊடல், இரங்கல் என்கிற மனசு சமாச்சாரம் மூன்றாவதுதான். நான் மூன்றாவதிலிருந்து தொடங்கி, நேரம் இருந்தால் ஒரு பறவையை மேலே தூவிவிடுகிற ஆள்.

ராத்திரி ஒரு மணிக்குச் சிவப்பு விளக்கு அணைந்தது. ஆதி இன்னும் வாசலில்தான்.

ஆறாம் நாள்

மதியம் கிளம்ப வேண்டும். விடிந்ததும் பெரியவரிடம், “இன்னொரு தடவை கூட்டிட்டுப் போறீங்களா?” என்று கேட்டேன். போகிற வழியில் மேலே சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று பலா மரத்தில் இருந்தது. வேறு நாளாக இருந்தால் நின்றிருப்பேன்.

அதே புதர். இன்று காத்திருப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. இந்தத் தடவை காலை மடக்கி எப்படி உட்கார்ந்தால் மரத்துப்போகாது என்று தெரிந்திருந்தது. துடுப்புவால் கரிச்சான் ஒன்று நாலைந்து பறவைகளின் குரலில் மாறிமாறிப் பேசி ஏமாற்றியது. கீறலில் ஒரே ஒருமுறை அலகு நுனி தெரிந்து உள்ளே போனது.

வந்தது. முதலில் சத்தம், பிறகு நிழல், கடைசியில் பறவை. வழக்கம்போல இரண்டு கிளைகள் மாறி உட்கார்ந்தது. கூட்டுவாயில் தொற்றியது.

இன்று எண்ணுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒவ்வொரு பழத்துக்கும் நோட்டில் ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு. பத்தாவது பழம் கை நழுவிக் கீழே விழுந்தது. ஆண் குனிந்து ஒருகணம் பார்த்தது, விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தது. விழுந்தது கணக்கில் சேருமா என்று யோசித்து, அதைப் பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொண்டேன். கடைசிப் பழத்துக்குப் பிறகும் பறவை சற்று நேரம் அங்கேயே தொற்றிக்கொண்டிருந்தது, பிறகு பள்ளத்தாக்குப் பக்கம் பறந்துபோனது.

விழுந்ததைத் தவிர்த்து 23. என் நாவல்களின் எண்ணிக்கையும் அதேதான் என்று எனக்குள் ஒரே சந்தோஷம், இதை எங்கே பொருத்தலாம் என்றுகூட யோசனை ஓட ஆரம்பித்துவிட்டது. பெரியவரிடம் காட்டினேன்.

“இருபத்தி நாலுங்கம்மா” என்றார்.

“இல்லீங்கய்யா, நான் ஒவ்வொண்ணா கோடு போட்டேன்.”

“நீங்க கீழ விழுந்ததை நோட்டுல எழுதிட்டு இருந்தீங்கல்ல, அப்ப ஒண்ணு குடுத்துச்சு.”